சாமித் தட்டில் நாலு கோடு

திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சின்ன வட்டம், வெள்ளை நிறம், வால் மட்டும் கொஞ்சம் மங்கல். ஏதோ வேலை நடக்கிறது, பொறுத்துக்கொள் என்று சொல்வதற்காக அதை யாரோ சுழலவிட்டிருக்கிறான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவனுக்கு நல்லது. எதுவுமே நடக்கவில்லை என்பதை மறைக்க இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்ய ஒரு மனிதனுக்கு மனம் வந்திருக்கிறதே என்று அந்த வாரம் முழுக்கக் கொதித்தேன். இப்போது எழுதும்போதும் கொதிக்கிறது. பேனா தாளைக் கிழிக்கிறது.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, சரிவில். பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். மலை வீட்டைத் தாங்குகிறது என்று விற்றவர் சொன்னார். வருகிற சிக்னலையும் அதே மலை தாங்கி நிறுத்திக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை. சமையலறையில் ஒரு கோடு. படுக்கையறையில் கோடே இல்லை. முன்னறையில் சில நேரம் இரண்டு, கதவைச் சாத்தினால் ஒன்று.

நாலு கோடு வரும் இடம் வீட்டில் ஒன்றே ஒன்று. சாமித் தட்டு.

முன்னறையின் கிழக்கு மூலையில் சுவரோடு அடித்த பலகை அது. ஒன்றரை அடி நீளம் இருக்கும். முருகன், லட்சுமி, பிள்ளையார் என்று மூன்று கண்ணாடிப் படங்கள், ஒரு பித்தளை விளக்கு, திருநீற்றுக் கிண்ணம், தீப்பெட்டி. தட்டுக்கு நேர்மேலே காற்றுப் போகச் சுவரில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். அதன் வழியே பார்த்தால் இரண்டு மலைகளுக்கு இடையில் ஒரு வெட்டு தெரியும். வெட்டுக்கு அப்பால் பல்லேகலப் பக்கம். அங்கே எங்கோ ஒரு டவர். ஒருநாள் வீடு கூட்டும்போது போனைத் தற்செயலாகத் தட்டில் வைத்தேன். மூன்று நாளாக வராத செய்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. போன் அதிர்ந்த அதிர்வில் பிள்ளையார் படம் நடுங்கியது. அன்றிலிருந்து அது போனின் இடம். விளக்குக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, கண்ணாடியில் சாய்த்து.

"கடைசியில உங்களையும் அங்க கொண்டாந்து நிறுத்திட்டாரு பாத்தீங்களா?" என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அந்தத் தட்டின் முன்னால் கைகூப்பி நின்றதில்லை. அதைப் பற்றி எழுதியும் இருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே.

"நான் கும்பிட வரல. சிக்னலுக்கு வந்தேன்."

"எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குத்தான் வர்றாங்க."

அவள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். பத்தொன்பது வருஷமாக. நாலரைக்கு எழுந்து, ஐந்து பத்து பஸ்ஸில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய், அங்கே ஹேவாஹெட்டை வழி பஸ்ஸுக்குக் காத்து நின்று, இறங்குகிற சந்தியிலிருந்து தேயிலைக்குள் முக்கால் மணி நேரம் ஏறினால் பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் அட்டை. வெயில் காலத்தில் வேர்வை. பஸ்ஸில் இடம் கிடைத்த நாளை அவள் வந்து சொல்வாள், யாரோ பரிசு கொடுத்த மாதிரி. போன வருஷம் வலது முழங்கால் வீங்கியது. இனிமேல் மலை ஏறக் கூடாது என்றார் டாக்டர். கண்டியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியிடம் மலை ஏறாதே என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகங்கள் தயாரிக்கும் ஒரு திட்டம். கண்டி டவுனிலேயே அலுவலகம். மேசை, கதிரை, சமதரை. ஒரே ஓர் இடம். அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்புக்குப் போவதாக இருந்தது. மழையில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து வீதி மூடப்பட்டதும், வியாழக்கிழமை பத்து மணிக்கு சூமில் வாருங்கள் என்று எழுதிவிட்டார்கள். இருபத்தைந்து நிமிஷம். முதல் பதினைந்தில் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். மிச்சம் கேள்விகள்.

அதே மழை எங்கள் லேனில் ஒரு பலா மரத்தையும் சாய்த்திருந்தது. மரம் கேபிளின்மேல் விழுந்தது. வீட்டு இன்டர்நெட் அத்தோடு முடிந்தது. முறைப்பாடு பதிந்திருக்கிறோம் என்றார்கள். பதிவதில் இந்த நாட்டை மிஞ்ச ஆளில்லை. மரம் அங்கேயே கிடந்தது. அதில் ஒருவர் சாரத்தைக் காயப்போட்டிருந்தார்.

ஆகவே என் போன். அவளுடைய போன் பேசுவதற்கு மட்டும். என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, சாமித் தட்டில் வைத்து, சார்ஜரையும் குத்திவிட்டால், அவள் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்து உட்காரலாம். நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் சரி. ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, ஆறு பத்துக்கு ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். எதிர்முனையில் அவளோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர். ஆறு இருபத்தொன்றுக்கு அறுந்தது. டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது. வட்டம் வந்தது.

"என்னங்க!"

நான் பாய்ந்து போய் போனைத் தட்டிலிருந்து எடுத்தேன். ஹொட்ஸ்பொட் தானாகவே அணைந்திருந்தது. விமானக் குறியைப் போட்டு எடுத்தேன். திரும்பவும் ஹொட்ஸ்பொட் போட்டேன். வேலை செய்தது. தட்டில் வைத்தேன். பத்து நிமிஷம். அறுந்தது. எடுத்தேன். முழுதாக அணைத்து ஏற்றினேன். வேலை செய்தது. வைத்தேன். ஒன்பது நிமிஷம். அறுந்தது. யாரும் இணைந்திருக்காவிட்டால் தானாக அணைவதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நிறுத்தினேன். வேலை செய்தது! "புடிச்சிட்டேன்" என்று கத்தினேன். எட்டு நிமிஷம்.

ஒவ்வொரு வைத்தியமும் பலித்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்றுமே பலிக்காவிட்டால் மனிதன் விட்டுவிட்டுப் படுத்துவிடுவான். பேட்டரிச் சிக்கனத்தை அணைத்தால் பத்து நிமிஷம் ஓடும். டேட்டாச் சிக்கனத்தை அணைத்தால் பத்து நிமிஷம் ஓடும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்றிருந்த அலைவரிசையை இரண்டு புள்ளி நாலுக்கு மாற்றினால், சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டால், கெட்ட வார்த்தை சொன்னால்கூடப் பத்து நிமிஷம் ஓடும். பிறகு வட்டம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பதற்கென்றே செய்த சாமான்.

செவ்வாய்க்கிழமை பகலில் என் போன் கம்பனிக்குப் போன் எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து. இரண்டை அழுத்தினால் முதலில் சிங்களத்தில் ஒரு விளம்பரம். பிறகு பாட்டு. எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஒருத்தி சொல்வாள். பிறகு மறுபடி பாட்டு. அரை மணி நேரம் கழித்து ஒரு பிள்ளை வந்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு, சின்ன வயது.

"வணக்கம் சேர். சொல்லுங்கோ சேர், என்ன பிரச்சினை?"

சொன்னேன். பத்து நிமிஷத்தைச் சொன்னேன், பலா மரத்தைச் சொன்னேன், டவரைச் சொன்னேன், மனைவியின் முழங்காலையும் சொன்னேன். குரல் ஏறிக்கொண்டே போனது.

"ஓம் சேர், விளங்குது சேர். ஒருக்கா போனை ஓஃப் பண்ணிப் போட்டு..."

"அத நான் நாப்பது தடவ பண்ணிட்டேன்மா."

"சரி சேர். போன் சூடாகுதோ சேர்?"

"சூடாகுறது நான்தாம்மா! போனில்ல!"

"இல்லை சேர், நான் கேக்கிறது..."

"நீங்க கேக்குறதெல்லாம் கேட்டாச்சு. டவரச் சரி பண்ணுங்க. பண்ண முடியாட்டி, பண்ண முடியாதுன்னு தமிழ்ல சொல்லுங்க. அதுக்குத்தானே ரெண்ட அழுத்தச் சொன்னீங்க?"

வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை நாள் முழுக்க என்னைப் போன்றவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். அது அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது, நன்றாகக் கேட்டேன் என்பதுதான். மனைவி வந்ததும் நடித்துக்கூடக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளயும் எங்கயோ பஸ் ஏறித்தானே வேலைக்கி வந்திருக்கும்" என்றாள். பிறகு விளக்கேற்றினாள். ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். பன்னிரண்டு நிமிஷம்.

புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் அவள் லீவு போட்டிருந்தாள். புதன் காலை நான் போனைத் தூக்கிக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். மாத்தளை வீதியில், ஓட ஓட மழை. போன் திருத்தும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எனக்கு ஒருவரைத் தெரியும். முன்பு என் போன் தண்ணீரில் விழுந்தபோது உயிர் கொடுத்தவர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு, தன் முன்னால் பத்துப் பதினைந்து போன்களை வயிறு பிளந்து பரப்பி வைத்திருந்தார்.

"வாங்க வாங்க. இந்த முற எந்த ஆத்துல போட்டீங்க?"

"ஆத்துல போடல நானா. ஆத்துல போட்ருவேன்னு பயமா இருக்கு. அதான் உங்ககிட்ட கொண்டாந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். போனைத் திறந்தார், ஊதினார், மூடினார். தன் லெப்டொப்போடு இணைத்து ஒரு மணித்தியாலம் ஓடவிட்டார். எனக்குப் பிளேன்டீ வந்தது. ஒரு தடவைகூட அறவில்லை. நான் அந்தப் போனைப் பார்த்த பார்வையில் அது வெட்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் என்னை அடித்துவிட்டு, வெளியே வந்தால் நல்ல பிள்ளை.

"இதுல ஒரு கொழப்பமும் இல்ல" என்றார். "எனக்கு ஒண்டு செல்லுங்க. ஊட்டுல இத எங்க வெக்கிற நீங்க?"

இந்த இடத்தில் நான் பொய் சொன்னேன். முழுப் பொய்யுமில்லை. அவரைச் சந்திக்கிற போதெல்லாம், நான் எந்தச் சாமியையும் கும்பிடாதவன் என்று பெருமையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். அப்படிப்பட்டவன், பிள்ளையாருக்கு முன்னால் சாய்த்து வைக்கிறேன் நானா என்று எப்படிச் சொல்வது? வாய் கூசியது.

"சுவத்துல ஒரு தட்டு இருக்கு. ஜன்னல் மாதிரி. காத்து வரும்" என்றேன்.

"வெயில் படுமா?"

"எட்டு நாளா மழ. வெயில எங்க போய்த் தேடுறது?"

"பக்கத்துல அடுப்பு, இஸ்திரிப் பொட்டி, அப்புடி ஏதும்?"

"இல்லையே."

வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஹொட்ஸ்பொட் போட்டாலே போனுக்குக் காய்ச்சல் மாதிரித்தான். சார்ஜும் குத்திட்டா இன்னும் கூடும். அதுக்கு மேல வெளிச் சூடு பட்டிச்சோ, தன்ட உசிரக் காப்பாத்த அதுவே ஹொட்ஸ்பொட்ட நிப்பாட்டிப் போடும். நான் அதத்தான் நெனச்ச. நீங்க செல்றதப் பாத்தா அதுவுமில்ல. எனக்கு வெளங்கல்ல."

உள்ளே ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்தார். வெளிக்கிடும்போது, "டீச்சருக்குக் கிடைக்கும், நான் துஆ கேக்குறன்" என்றார்.

புதன் பகல் இரண்டு மணிக்கு ஒத்திகை. ஒரு மணி நேரமும் பதினைந்து நிமிஷமும் ஓடியது. எதிர்முனை டீச்சர், போதுமடியம்மா, எனக்குச் சோறு வடிக்கணும் என்று அவளாகவே வெட்டும்வரை ஓடியது. நான் நானாவின் கையைப் புகழ்ந்தேன். மனைவி பாடத்தை முழுதாக நடத்திப் பார்த்தாள். அவள் தயாரித்திருந்தது, லய வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியைப் பிள்ளைகளே வரைந்த படங்கள். முப்பத்தொரு படம். ஒரு படத்தில் வழி முழுக்க நாய்கள். ஒன்றில் பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தப் படங்களைப் பார்த்தே பிள்ளைகள் பேசுவார்கள், பேசியதையே எழுதுவார்கள், எழுதியதையே வாசிப்பார்கள். இருபது வருஷமாக நான் சொற்களைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். இவ்வளவு நேரான ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

ஆறு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம் என்றாள். விளக்கேற்றினாள். உட்கார்ந்தாள். பதினொரு நிமிஷம்.

அப்போதுகூட எனக்கு ஓடவில்லை. கண் திறந்துதான் இருந்தது. தினமும் பார்க்கிற விளக்கை யார் பார்க்கிறார்கள்? போன் கையில் சுட்டது. சார்ஜில் கிடந்த போன் சுடத்தானே செய்யும் என்று விட்டேன். ரப்பர் உறையில் நல்லெண்ணெய் வாடை அடித்தது. அந்த மூலையில் எல்லாவற்றிலும் அந்த வாடைதான். நான் ஒரு கொள்கையே உருவாக்கிவிட்டேன். ஆறு மணிக்குக் கண்டியே வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறது. அத்தனை பேரும் போனைத் திறக்கிறார்கள். டவருக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு டவரை வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றுகிற கம்பனி நம்மை வெட்டிவிடுகிறது, மலைச்சரிவில் இருக்கிறவன் கேட்க மாட்டான் என்று. கதிரையில் ஏறி நிற்காத குறையாகப் பேசினேன்.

"அப்ப காலைல பத்து மணிக்குக் கூட்டம் இருக்காதுதானே?" என்றாள் மனைவி.

"இருக்கவே இருக்காது."

"அது போதும்."

வியாழக்கிழமை அவள் ஆறு மணிக்கே குளித்து விளக்கேற்றினாள். ஒரு திரி, கொஞ்சம் எண்ணெய். ஏழரைக்கு அது தானாக அடங்கிவிட்டது. அந்த நேரம் போன் என் சட்டைப் பையில் இருந்தது. கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தினாள். திரையில் தோளுக்குக் கீழே தெரியாது என்று நான் சொல்லியும் மடிப்பு எடுத்து, ஊசி குத்தி, செருப்பும் போட்டுக்கொண்டாள். பின்னால் அலுமாரி தெரியக் கூடாதென்று ஒரு துணியைக் கட்டினோம். ஒன்பது ஐம்பதுக்கு போனைத் தட்டில் சாய்த்து வைத்தேன். நாலு கோடு. அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். காத்திருங்கள் என்று திரை சொன்னது. இரண்டு கையையும் மடியில் வைத்து, காலைச் சேர்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வலது முழங்காலை மட்டும் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விரலைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது.

முன்னறைக்குப் போனேன். அவள் பார்க்கவில்லை. எண்ணெய்ப் போத்தலை எடுத்து விளக்கு வழிய ஊற்றினேன். அவள் ஒரு திரி போடுவாள். நான் ஐந்து முகத்துக்கும் போட்டேன். தடித்த திரியாக உருட்டிப் போட்டேன். ஏற்றினேன். கைகூப்பவில்லை. ஆனால் நின்றேன். ஐந்து சுடரும் துவாரத்துக் காற்றில் பிள்ளையார் பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு அவள் குரல் கேட்டது. "வணக்கம். காலை வணக்கம் சேர், மேடம்." மூன்று பேர். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய்களைப் பற்றிச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. கேள்விக்குறிப் பாலத்துக்கு வந்தாள். "இந்தப் பிள்ளை ஏன் பாலத்த வரையலன்னா..."

அறுந்தது.

பாய்ந்தேன். எடுத்தேன். விமானக் குறி, எடுப்பு, ஹொட்ஸ்பொட். வந்தது. அதே இடத்தில், அதே ஐந்து சுடருக்குப் பின்னால், என் கையாலேயே திரும்ப வைத்தேன். "மன்னிக்கணும் சேர், லைன் போயிருச்சு." இரண்டு நிமிஷம் போய்விட்டது. அவள் வேகமாகப் பேசத் தொடங்கினாள். ஐந்து நிமிஷம்.

அறுந்தது.

இந்த முறை அவளே எழுந்து வந்தாள். நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டுப் போனைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"கொதிக்குது."

பிறகு விளக்கைப் பார்த்தாள். சுடர்களை எண்ணுகிற மாதிரி அவள் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு ஏத்துனது?"

நான் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன்.

"நீங்களா?"

"உனக்காகத்தான்..."

"கல்யாணமாகி இத்தன வருஷமா ஏத்தாதவரு. இன்னிக்கித்தான் கெடச்சுதா?"

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் போனைச் சுற்றி எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனாள். மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்தைப் பக்கவாட்டில் கடந்து, வீட்டு மூலையில் தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சீமெந்து விளிம்பில் போனை மல்லாக்க வைத்தாள். அந்த மூலையிலிருந்து மலைகளின் வெட்டு தெரியும். தூறல். நான் குடையோடு ஓடினேன். அவள் ரப்பர் உறையைக் கழற்றி எறிந்தாள். போனிலேயே கூட்டத்தைத் திறந்தாள். லெப்டொப் இல்லை, ஹொட்ஸ்பொட் இல்லை. போன் சூடு ஆறிக் கூட்டம் திறக்கும்வரை, பத்து நிமிஷத்துக்கு மேல், வட்டம் சுற்றியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். குடையிலிருந்து ஒரு சொட்டு திரையில் விழுந்தது. அவள் விரலால் வழித்தாள்.

வந்தார்கள். சின்னச் சின்னப் பெட்டிகளில் மூன்று முகம். நேரம் பத்து முப்பத்திரண்டு.

"டீச்சர், உங்க நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் நடுவில் இருந்தவர். "அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒரே ஒரு நிமிஷம் சேர். அந்தப் பாலத்துப் படம். அத மட்டும் முடிச்சிர்றேன்."

"எங்களுக்கு வெளங்குது டீச்சர். மழைதானே. லைன் பிரச்சினை எல்லாருக்கும் இருக்கு."

"லைன் பிரச்சினை இல்ல சேர். அந்தப் புள்ள ஏன் வரையலன்னா, மழ பெஞ்சா அந்தப் பாலத்துல தண்ணி..."

முகங்கள் போய்விட்டன. வட்டம் வரவில்லை. கூட்டம் முடிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. போனில் நாலு கோடு. முழுசாக, அசையாமல், நாலு. இந்தத் தடவை அறுத்தது எந்த மலையும் இல்லை, எந்த விளக்கும் இல்லை. கொழும்பில் மழை படாத அறையில் இருந்த ஒருவரின் விரல். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு அவருக்கு என்ன நட்டம்? அந்தப் பாலத்தைத் தாண்டாமல் தோட்டப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் போடப் போகிறார்? இதை நான் தொட்டியடியில் நின்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"கத்தாதீங்க" என்றாள். சேலையின் கீழ்மடிப்பு முழுக்கச் சேறு. "கொடையச் சரியாப் புடிங்க. நனையுது."

நான் அவளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் போனைச் சொன்னாள்.

உள்ளே வந்ததும் விளக்கை அணைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அணைக்கவில்லை. அதை ஏற்றினால் எரிந்து முடியவிடுவதுதான் அவள் பழக்கம். நான் ஊற்றிய எண்ணெய்க்கு அது பகல் ஒரு மணி தாண்டியும் எரிந்தது. அவள் சேலை மாற்றி, சமைத்து, எனக்குச் சோறு போட்டாள். ஐந்து சுடரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று நாளாக யார் யாரையெல்லாம் திட்டினேன்! கம்பனி, டவர், பலா மரம், அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. போன் சூடாகுதோ என்று அந்தப் பிள்ளை கேட்ட ஒரே உருப்படியான கேள்வியை நான் பாதியில் வெட்டியிருந்தேன். வெட்டியதை நடித்தும் காட்டியிருந்தேன்.

அன்று பின்நேரமே கம்பனிக்கு மறுபடி எடுத்தேன். இரண்டை அழுத்தினேன். பாட்டு. ஒரு ஆண் குரல் வந்தது. செவ்வாய்க்கிழமை பேசிய பிள்ளையிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"பேர் தெரியுமா சேர்?"

"தெரியாது."

"அப்டின்னா கண்டுபுடிக்க முடியாது சேர். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் அனுபவத்தை மதிக்கிறோம், இம்முறை வேறொருவரைத் தெரிவுசெய்துள்ளோம். தமிழில் இரண்டு பிழை. அதற்கு முன்பே அவள் ஐந்து பத்து பஸ்ஸுக்குத் திரும்பியிருந்தாள். கிடைக்காமல் போனது விளக்காலா, அந்த விரலாலா, வேறு யாருக்கோ முன்பே எழுதி வைத்த வேலையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்றும் தெரியவில்லை. அவள் காலையில் செருப்பு மாட்டும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் கேத்தலை எடுத்து வைப்பேன்.

அக்குறணைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நானா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு.

"அடுப்பு ஈக்கான்னு கேட்டேன்தானே! வாயத் தொறந்து செல்றதுக்கென்ன?"

"கூச்சமா இருந்திச்சு நானா."

"என்ன கூச்சம்? எங்கட ஊட்டுலயும் சிக்னல் வாறது ஓதுற கிதாபு வெக்கிற றாக்கயிலதான். நான் யார்ட்டப் போய் கூச்சப்பட?" சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "டீச்சருக்கு?"

"கெடைக்கல."

வில்லையைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். பிளேன்டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரத் தட்டு அடித்திருக்கிறேன். மேலே ஒரு துண்டுத் தகரம், மழைக்கு. போன் அங்கே உட்காரும், காற்று படும், நாலு கோடு. கேபிளைச் சரி செய்ய இன்னும் யாரும் வரவில்லை. பலா மரத்தில் இப்போது ஒரு கொடி ஏறிப் பூத்திருக்கிறது. சாமித் தட்டில் விளக்குக்கும் பிள்ளையாருக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம். அவள் அங்கே எதையும் வைக்கவில்லை.

போன வாரம் அவள் இன்னொரு விண்ணப்பம் அனுப்பினாள். இதுவும் டவுனில்தான், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையம். இதற்கும் சூம். நேற்று திகதி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கி நீங்க வீட்டுல இருக்க வேணாம். டவுனுக்குப் போயிட்டு மத்தியானத்துக்கு மேல வாங்க."

"சரி."

"குட்ஷெட்ல போய் உக்காந்திருங்க. நான் தெனம் நிக்கிற எடந்தான். பொழுது போகும்."

"சரி. முடிஞ்சதும் போன் எடு, எப்படிப் போச்சுன்னு..." என்று தொடங்கினேன்.

அவள் தலையைத் தூக்கினாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள், கொஞ்சம் குரூரமாகவே.

"எதுக்கு எடுக்கிறது? உங்க போன் இங்கதானே இருக்கும்."